புரோக்கர் இல்லாமல்

பேருந்து குமரன் நகர் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியதும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்றுதான் வளர்மதிக்கு முதலில் தோன்றியது. காபியில் ஒரு குறையும் இல்லை. திக்கான பாலில் போட்ட, நுரை அடங்காத காபி. வீட்டை விற்கிற சௌந்தரம்மாள் டபராவோடு நீட்டியபோது வேண்டாம் என்று சொல்ல வராத காபி. இருந்தும் நாக்கின் அடியில் அது கசண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே துப்பினால் பின்னால் பைக்கில் வருகிறவன் மேல் தெறிக்கும். விழுங்கினாள். கையில் தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாள், அதன் பின்பக்கம் சௌந்தரம்மாளின் போன் நம்பர், பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதியது. ஏழு மணிக்குள் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். “நாளைக்குப் புதன்கிழமை, வளர்பிறை. காலையில டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துரு கண்ணு. அந்தப் புரோக்கர் பய நடுவுல எதுக்கு? அவனுக்குக் குடுக்கறதுல நீ ஒரு பீரோ வாங்கிப் போடு.” இதை அவள் வாசற்படியில் வைத்துச் சொன்னபோது புரோக்கர் தனபால் தெருமுனையில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது வேறு. “நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க மேடம், நான் முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கேன். இன்னிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க, கரூர் பார்ட்டி ஒண்ணு நிக்குது.” ஆக இரண்டு பேரில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். மணி ஐந்தே முக்கால். வயலூர் ரோட்டின் இந்த நேரத்துக் கூட்டத்தில் சத்திரம் பேருந்து நிலையம் போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று பஸ்ஸில் ஏறும்போது நினைத்தாள். ஏறி உட்கார்ந்த பிறகு முடிவுக்குப் பதில் காபிதான் மேலே வந்தது.

வீடு வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் பாத்திரம் துலக்க மேடை, குழாயைத் திறந்தால் விரலைத் தள்ளுகிற வேகத்தில் தண்ணீர். சிறிய அறையைப் பார்த்ததும் ஓவியாவின் மேஜையை எந்தச் சுவரோரம் போடுவது என்று கண் தானாக இடம் தேடியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அம்மிக்கல்லை முதலில் இறக்குவதா கடைசியில் இறக்குவதா என்று குணசீலனோடு சண்டை. இப்போது இருக்கும் சிந்தாமணி வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று பங்குனிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். “எட்டாவது வீட்டுக்கு நான் வரலம்மா, ஹாஸ்டல்ல சேத்துவிட்டுரு” என்று ஓவியா சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். ப்ளஸ் டூ படிக்கிற பெண். சுவரில் அவள் ஒட்டிய அட்டவணைகளைக் கிழியாமல் உரிக்க வளர்மதி கற்றுக்கொண்டுவிட்டாள், வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினால் பசை இளகும். இதெல்லாம் ஒரு கெட்டிக்காரத்தனமா. சொந்தச் சுவர் என்றால் ஆணி அடிக்கலாம். ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, இந்த வயதில், நாற்பத்தைந்தில்.

ஆரம்பத்தில் குணசீலன் புரோக்கரே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். “ரெண்டு பர்சென்ட்டை அவன் வாயில போடறதுக்குப் பதிலா ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட்டுரலாம்.” சரி என்று ஆறு மாதம், ஞாயிறு ஞாயிறாக, ‘வீடு விற்பனைக்கு’ என்று போர்டு தொங்குகிற வாசலாகப் பார்த்து ஏறி இறங்கினார்கள். பதினோரு வீடு. யாரும் விரட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. எல்லோரும் சிரித்தார்கள். மோர் கொடுத்தார்கள். “சொந்த ஊரு எது?” “லால்குடிப் பக்கம்.” “லால்குடியில எங்க?” “வாளக்குறிச்சி.” அதற்கப்புறம் மீன்காரன் தூண்டில் போடுவது போல ஒவ்வொன்றாக விடுவார்கள். வாளக்குறிச்சியில் மிராசுதார் ஒருத்தர் இருந்தாரே, அவரு உங்களுக்கு என்ன வேணும்? குலசாமி எது? அப்பா நிலம் வச்சிருந்தாரா? ஒருவர் எதுவுமே கேட்கவில்லை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மிகவும் மரியாதையாகப் பேசியவர், குணசீலனுடைய செல்போன் உறையில் இருந்த, கோட்டு போட்ட தலைவர் படத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான், பேச்சு மழையைப் பற்றிப் போய்விட்டது. கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம். “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்.” மூன்று மாதம் கழித்து அந்தத் தெருவழியாகப் போனால் அதே போர்டு வெயிலில் வெளுத்துத் தொங்கும். குணசீலன் பைக்கை நிறுத்தி அதைப் பார்த்து, “இன்னும் கலந்து பேசிட்டிருக்காங்க போல” என்பான். அப்போது சிரித்தாள். சிரித்தது தப்பு என்று இப்போது பட்டது. சிரிக்கச் சிரிக்க அது சகஜமாகிவிடுகிறது.

தனபால் வந்தது அதற்குப் பிறகு. அவள் வேலை பார்க்கிற அரசு மருத்துவமனை ஆய்வகத்துக்கு அவன் அம்மாவின் சளி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான், மூடியைச் சரியாகத் திருகாமல். “வீடு தேடறீங்களாமே மேடம்” என்று டப்பாவை நீட்டிக்கொண்டே கேட்டான். யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சென்ட் வாசனை. வேர்வையில் ஹேர்டை காதோரம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. பத்திர நகல்களைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவான், அதே விரலால் ‘இங்க பாருங்க’ என்று வில்லங்கச் சான்றில் வரிகளைத் தடவிக் காட்டுவான். இருபது வருஷமாக மலமும் சளியும் சீழும் கையுறை போட்டுத் தொடுகிற அவளுக்கு ஒரு மனுஷன் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுவதைப் பார்க்க முடியவில்லை. ஆய்வகத்தில் வருவது எதையும் மறைக்காது. என்ன கிருமியோ அதைக் காட்டும். இவன் மூன்றே வாரத்தில் நான்கு வீடு காட்டினான், நான்கிலும் யாரும் ஊர் கேட்கவில்லை. தூண்டில் இல்லை. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது, கூடவே ஒரு சந்தோஷம், காலம் மாறித்தான் போச்சு என்றுகூட ஒருநாள் குணசீலனிடம் சொன்னாள். அதைச் சொன்ன தன் குரல் இப்போது காதில் கேட்டது. மடச்சி. யாரும் கேட்காததற்குக் காரணம் இவள் வருவதற்கு முந்தின நாளே கேட்டு முடித்திருந்தார்கள், தனபாலிடம்.

தெரிந்தது இன்றைக்குத்தான். மாலை போட்ட புருஷனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சௌந்தரம்மாள் சொன்னாள். “தனபால் எல்லாம் சொன்னான். லால்குடிப் பக்கமாமே. வீட்டை நம்ம ஆளுகளுக்குத்தான் கொடுக்கணும்னு இவரு போற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. சாமியாப் பார்த்து உன்னை அனுப்பியிருக்கு.” வளர்மதி தனபாலைப் பார்த்தாள். அவன் வாசலில் நின்று கரண்ட் மீட்டரை வாசிப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், கையில் பேப்பர் கப். அவனுக்குப் பேப்பர் கப், அவளுக்கு எவர்சில்வர் டபரா. பேப்பர் கப் வந்ததில் இந்த ஊரில் பலருக்கு எவ்வளவு வசதி, யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு நொடி இருந்தது. டபராவைக் கீழே வைத்து, நீங்க நினைக்கிற ஆளு நான் இல்லம்மா என்று சொல்ல ஒரு முழு நொடி. அவள் சொன்னது, “வீடு நல்லா காத்தோட்டமா இருக்கும்மா.” அதுதான் சொன்னாள். வீடு நல்லா காத்தோட்டமா இருக்கும்மா. கண்டக்டர் விசில் ஊதும்போது அது கேட்டது, புத்தூர் சிக்னலில் இன்ஜின் அதிரும்போது அது கேட்டது. சௌந்தரம்மாள் முகம் மலர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள், சமையலறை, அரிசிப் பானை வைக்கிற மூலை, பூஜை அறைக்குள் வரைக்கும். “உள்ள வா கண்ணு, உனக்கென்ன.” ஃப்ரிட்ஜைத் திறந்து வாழையிலையில் சுற்றிய பூவை எடுத்து, “தலையத் திருப்பு” என்று தானே வைத்துவிட்டாள். சுகமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, குணசீலனிடமும். பத்து நிமிஷம் அவ்வளவு சுகமாக இருந்தது. முதுகை யாரும் பார்க்காத சுகம். இவர்கள் பிறந்ததிலிருந்து இதற்குள்ளேயே இருக்கிறார்கள், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, அது வெந்நீர் என்றே தெரியாமல். அதில் தானும் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் பிடரியில் இருந்த பூ பல்லி மாதிரி ஊர்ந்தது. ஹேர்பின்னோடு பிடுங்கினாள். பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள், “ஏம்மா, வாடாத பூவைப் போய் எடுக்கறே” என்றாள். “தலை வலிக்குது.” “அப்ப இங்க குடு, சாமி படத்துக்குப் போட்டுக்கறேன்” என்று வாங்கிக் கூடையில் முருங்கைக்காய்க்கு மேல் வைத்துக்கொண்டாள். அவளிடம் எந்த ஊர் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

தெருமுனையில் தனபாலைப் பிடித்துக் கேட்டாள்தான். அவன் அசரவில்லை. “நான் எங்க மேடம் பொய் சொன்னேன்? அவங்களா, நம்ம ஆளுதானேன்னாங்க. நான் ம்ன்னேன். ம்ங்கறது ஒரு பொய்யா?” “பின்ன?” “நீங்க ஆறு மாசம் அலைஞ்சீங்கள்ல, அந்த ம் இல்லாமத்தான் அலைஞ்சீங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, பைக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே சொன்னான். “இந்த வயலூர் ரோட்டுல எனக்கே நாலு சாதி மேடம். கோயில் தெருவுல ஒண்ணு, கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒண்ணு. சாதி சர்டிபிகேட்டைத் தவிர எல்லாத்துலயும் மாறும். எங்கம்மாவே குழம்பிரும்.” பைக்கின் முன்னால் வேல் ஸ்டிக்கர், பின்னால் மாதா ஸ்டிக்கர். நிஜத்தில் அவன் என்ன ஆள் என்று கேட்க அவள் நாக்கு எழுந்தது. எழுந்ததை உணர்ந்ததும் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். பதினோரு வாசலிலும் அவர்கள் நாக்கு எழுந்த இடமும் இதுதானே. இவன் மேல் வருகிற அருவருப்பு எதனால், எச்சில் விரலாலா, அல்லது இவன் வாயால் தன்னை வீடு வாங்கத் தகுந்தவளாக ஆக்கிக் காட்டியதாலா. சௌந்தரம்மாளின் கணக்கு அதைவிட அசிங்கம். புரோக்கரைக் கழற்றிவிடச் சொல்கிறாள், நமக்குள் எதற்கு ஆள் என்று. அந்த ‘நமக்குள்’ளை உண்டாக்கியவனே அந்தப் புரோக்கர்தான். அவன் போட்ட பாலத்தில் நடந்து வந்து, அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, இரண்டு பெண்கள் கைகோத்துக்கொள்ள வேண்டும். தனபால் சும்மா இருப்பானா. ஒரு போன் போதும் அவனுக்கு.

குணசீலன் கூப்பிட்டான். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி வெளியே வந்திருப்பான், பின்னால் சைக்கிள் மணிகள். பஸ்ஸில் பேசுகிற குரலில், வாயைக் கையால் மறைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். “அதுல நமக்கென்ன வளரு? பத்திரத்துல உன் பேரு, உங்கப்பா பேரு, அட்ரஸ். சாதிக்குக் கட்டம் கிடையாது. ரிஜிஸ்டர் ஆனப்புறம் அந்தம்மா தலைகீழா நின்னாலும் வீடு நம்மளுது.” “தெரியும்.” “பின்ன என்ன? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கவா போறோம்.” “இல்ல.” “இத்தனை வருஷம் அவங்க ஏமாத்தினாங்க, ஒரு வாட்டி நாம ஏமாத்துவோம். அந்தப் புரோக்கருக்கு வேணும்னா ஒரு பர்சென்ட் சேத்துக் குடு, தெய்வம் மாதிரி அவன்.” அவன் சொல்வதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சும் பிடிக்கவில்லை. அவன் குரலில் இருந்த உற்சாகம், கிரில் போட்டுவிட்டவன் மாதிரி ஒரு நிம்மதி, அதுவும் பிடிக்கவில்லை. ஆணி அடிக்கிற சத்தம் அவனுக்கும் கேட்கிறது. போனை வைத்துவிட்டாள்.

சௌந்தரம்மாள் தூரத்துக்குப் போகிறவளாக இருந்தால் கூடப் பரவாயில்லை. மகனோடு வெளிநாடு, மகளோடு பெங்களூர், அப்படி எங்காவது. பிள்ளைகுட்டி இல்லாத அவள் போவது அடுத்த வீட்டுக்கு. தங்கை வீடு, ஒரே மதில். “நான் எங்க போகப்போறேன்? சாயங்காலமானா உன் வாசல்லதான் உட்கார்ந்திருப்பேன். உன் பொண்ணை நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா டூட்டிக்குப் போ.” ஆக பத்திரம் பதிந்த மறுநாள் காலையில் மதில்மேல் அந்த முகம் எழும். குலசாமிக்கு எப்ப போறீங்க என்று கேட்கும். ஊரில் இருந்து மாமியார் வந்தால், யார் வந்தா என்று கேட்கும். குணசீலன் அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருக்கும் தலைவர் படத்தை எந்த அலமாரியில் ஒளிப்பது. ஓவியாவிடம் கேட்கும். அங்கேதான் மனசு வந்து வந்து முட்டியது, முட்டித் திரும்பி வேறு எங்கோ போய் மறுபடியும் அங்கேயே முட்டியது. ஓவியாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆத்தா கேட்டா இப்படிச் சொல்லு. ஊர் கேட்டா லால்குடின்னு மட்டும் சொல்லு. கூடப் படிக்கிற பிள்ளைங்க வந்தா பார்த்துப் பேசு. அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள், எதிர்த்துப் பேச மாட்டாள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற மாதிரி உதட்டை அசைத்துக் கேட்டுக்கொள்வாள். நன்றாகவும் சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி. ஒரு வருஷத்தில் தனபாலைவிட நன்றாகச் சொல்லுவாள். அதை நினைத்ததும் வாய் முழுக்க உமிழ்நீர் ஊறியது, வாந்தி வருவதற்கு முன் ஊறுமே அப்படி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் தில்லைநகர் தாண்டி நின்றுவிட்டிருந்தது, முன்னால் ஏதோ ஊர்வலம், மேளம். கூடைக்கார அம்மாள் தூங்கிவிட்டாள்.

என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல்தான் சௌந்தரம்மாளின் நம்பரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், காத்திருந்த மாதிரி. பின்னால் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். “சொல்லு கண்ணு. வீடு போய்ச் சேந்துட்டியா?” “பஸ்ல இருக்கேம்மா.” “காலையில ஒன்பதுக்குள்ள வந்துரு. பொண்ணையும் கூட்டிட்டு வா. அந்தத் தனபால் வந்தா நான் பார்த்துக்கறேன், அவன் என்ன ஆளோ, கேட்டா பூசி மழுப்புவான். வாசப்படி தாண்டி நான் விடறதில்ல.” வளர்மதி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். “ஏன் கண்ணு, வாளக்குறிச்சின்னுதானே சொன்னான்? எங்க நாத்தனாரை அங்கதான் குடுத்திருக்கு. உங்கப்பா வீடு எந்தத் தெரு?” துணிச்சலெல்லாம் ஒன்றும் இல்லை. வயிற்றில் இருப்பது வெளியே வந்தால் போதும் என்கிற நிலைமைதான். “ஊருக்குள்ள இல்லம்மா. எங்க வீடு காலனியில.” டிவியில் அழுகை தொடர்ந்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள். இவளைக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டிருந்த அந்தக் குரல் இப்போது எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லை. கோபமாக ஏதாவது வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தாள். கோபம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேங்கில் பேசுகிறவர்களின் மரியாதையோடு சௌந்தரம்மாள் சொன்னாள்.

“எதுவா இருந்தாலும் புரோக்கர்கிட்டயே பேசிக்குங்க. நாங்க நேரா யார்கிட்டயும் பேசறதில்ல.”

கட்டாகிவிட்டது. ஊர்வலம் நகரவில்லை. பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, தனபால் கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் சோர்ந்து போயிருந்தான்.

“என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? மகன் வீட்டை விக்க வேணாங்கறாராம் இப்ப. அந்தம்மாவுக்கு மகனே கிடையாது.”

“தெரியும்.”

“சரி விடுங்க. வேற வீடு காட்டறேன். என் கையில பதினஞ்சு வீடு இருக்கு. இந்த வாட்டி நீங்க வாயே திறக்க வேணாம், எல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

“கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லுங்க.”

“உள்ளதுன்னா?”

“நான் அந்தம்மாகிட்ட சொன்னதை. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.”

அவன் பக்கத்தில் பைக் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது கேட்டது.

“அப்படின்னா பதினஞ்சு இல்ல மேடம்” என்றான். “ரெண்டு.”

“அந்த ரெண்டையும் காட்டுங்க.”